ஐம்பத்தேழாவது கால்

ராஸ்பெரி பை நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆர்பி2040 என்ற சிப், ஏழு மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு கறுப்புச் சில்லு. பக்கத்துக்கு 14 வீதம் நான்கு பக்கமும் 56 கால்கள். கால் என்பது பேச்சுவழக்கு. இந்த வகைச் சிப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எதுவும் கிடையாது, அடிப்புறத்து ஓரங்களில் பதிந்த உலோகக் கீற்றுகள்தான் கால்கள். அவற்றை எண்ணிப் பார்ப்போம். எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளும் பொதுக் கால்கள் 30. வெளி நினைவகத்தோடு பேச 6. யூஎஸ்பிக்கு 2. மின்வழங்கல் தொடர்பாக 12. கிரிஸ்டல், பிழைதிருத்தம், மறுதொடக்கம், சோதனை என்று மீதி 6. கூட்டினால் கணக்கு 56-க்குச் சரியாக வருகிறது. ஆனால் கிரவுண்ட் எங்கே? மின்சாரம் உள்ளே வர இத்தனை வழி வைத்தவர்கள் திரும்பிப் போக ஒன்றுகூட வைக்கவில்லையா? வைத்திருக்கிறார்கள். சிப்பைப் புரட்டிப் போட்டால் அடிவயிற்றின் நடுவில் சதுரமாக ஓர் உலோகத் தகடு தெரியும். இந்தச் சிப்புக்கு வெளியே இருக்கும் ஒரே கிரவுண்ட் அதுதான். தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட் அதற்குக் கொடுத்திருக்கும் எண் 57.

இந்தச் சிப்பை வைத்து ஒரு மின்சுற்றுப் பலகை வடிவமைக்க உட்காருபவர், கணினிக்கு இதை இரண்டு முறை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். முதலாவது, ஸ்கீமாட்டிக் எனப்படும் சுற்று வரைபடத்தில் இடம்பெறும் குறியீடு: ஒரு செவ்வகம், அதிலிருந்து கிளம்பும் கோடுகள், கோட்டுக்குக் கோடு ஒரு பெயர், ஓர் எண். இது மனிதர் படிப்பதற்கு. இரண்டாவது ஃபுட்பிரின்ட்: பலகையில் சிப் உட்காரும் இடத்தில் செம்பு எந்த அளவில், எந்த இடைவெளியில் வெளியே தெரியவேண்டும் என்ற அளவுப்படம். அந்தச் செம்புத் திட்டுகளைத்தான் பேட் என்கிறார்கள். இது தொழிற்சாலைக்கு. வீட்டு மனையோடு ஒப்பிட்டால் குறியீடு பத்திரம். ஃபுட்பிரின்ட் அளந்து கல் நட்ட நிலம். இரண்டையும் சேர்த்துக் கட்டுவது சர்வே எண். இங்கே அந்த இடத்தில் இருப்பது கால் எண். குறியீட்டில் 23 என்று போட்ட கோடு, ஃபுட்பிரின்டில் 23 என்று போட்ட பேடுக்குப் போய்ச் சேரும். அந்தக் கோட்டுக்கு என்ன பெயர் எழுதியிருக்கிறோம் என்பதைக் கணினி கண்டுகொள்ளாது. பத்திரத்தில் சர்வே எண் மாறிப்போனால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

குறியீடும் ஃபுட்பிரின்டும் வரைவதை வடிவமைப்புக்கு முந்தைய எடுபிடி வேலையாக நினைப்பது இந்தத் துறையின் பழைய வழக்கம். அட்டவணையைப் பார்த்து எழுதுகிற வேலைதானே என்று புதிதாக வந்தவரிடம் தள்ளிவிடுவார்கள். அது சரியல்ல என்பதற்கு என்னிடம் இருக்கும் காரணம் ஒன்றே ஒன்று. பலகை வடிவமைப்பில் மற்றத் தவறுகள் பெரும்பாலானவற்றைப் பிடிக்க ஏதாவது ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு வெளியீடுகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் மென்பொருளின் மின்விதிச் சோதனை கத்தும். இரண்டு செம்புத் தடங்கள் அளவுக்கு மீறி நெருங்கினால் பலகைவிதிச் சோதனை நிறுத்தும். இணைக்க மறந்த கம்பி திரையில் மெல்லிய கோடாகத் தொங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாம் நாம் வரைந்து கொடுத்த குறியீட்டையும் ஃபுட்பிரின்டையும் உண்மை என்று எடுத்துக்கொண்டுதான் வேலையையே தொடங்குகின்றன. குறியீட்டில் 57 இருந்து ஃபுட்பிரின்டில் இல்லையென்றால் மென்பொருள் சொல்லிவிடும். இரண்டிலும் இல்லையென்றால்? இரண்டு சாட்சிகளும் ஒரே பொய்யை ஒரே மாதிரி சொல்லும்போது வழக்கு கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. திரையில் பிழை பூஜ்யம் என்று வரும். பலகை தயாராகி, சிப் ஏறி, 56 கால்களும் அழகாக ஒட்டியிருக்கும். சிப் உயிர் பெறாது. அடிவயிற்றுக்குள் சால்டர் முனையை நுழைக்கவும் வழியில்லை.

பதிவாளர் அலுவலகம் நாம் எழுதிக் கொடுத்த எண்ணைத்தான் பதியும், தொழிற்சாலையும் அப்படித்தான். எழுதிக் கொடுத்ததே தவறாக இருந்தால் அதன் விலை எவ்வளவு உயரும் என்பதற்கு ஒரு சான்று விண்வெளியிலிருந்து. 2004 செப்டம்பர் 8 அன்று நாசாவின் ஜெனிசிஸ் பெட்டகம், சூரியக் காற்றின் துகள்களைச் சேகரித்துக்கொண்டு, அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் பாராசூட் விரியாமல் வந்து மோதியது. வளிமண்டலத்தில் நுழையும்போது ஏற்படும் வேகக்குறைவை உணர்ந்து பாராசூட்டுக்கு உத்தரவு கொடுக்கவேண்டிய சின்னஞ்சிறு சுவிட்சுகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன என்று விசாரணைக் குழு கண்டது. பொருத்தியவர்கள் தவறு செய்யவில்லை. வரைபடத்திலேயே அப்படித்தான் இருந்தது. ஸ்டார்டஸ்ட் என்ற முந்தைய விண்கலத்தில் நிரூபணமான வடிவமைப்பின் வழிவந்தது என்ற நம்பிக்கையில் அந்தப் பகுதி போதிய கடுமையோடு சரிபார்க்கப்படவும் இல்லை. இது சிப் ஃபுட்பிரின்டில் நேர்ந்த பிழை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழையின் குணம் இதுவேதான்: உறுப்பு எந்தத் திசையில் உட்காரவேண்டும் என்று காகிதம் தவறாகச் சொன்னது, அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் காகிதத்தை நம்பினார்கள்.

அட்டவணையைப் பார்த்து எழுதுவதுதானே என்ற வாதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஆர்பி2040-இன் உள்ளீடு-வெளியீட்டுப் பகுதிக்கு மின்சாரம் தரும் கால்கள் ஆறு: 1, 10, 22, 33, 42, 49. நான்கு பக்கங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. சிப்பின் உருவத்தை அப்படியே பிரதியெடுத்து, கால்கள் இருக்கும் வரிசையிலேயே குறியீட்டை வரைந்தால், ஒரே மின்சாரத்தை இழுத்துக்கொண்டு நான்கு திசையிலும் கோடு ஓடும். வரைபடம் கொடிக்கயிறு சிக்கியதுபோல் ஆகிவிடும். ஆறு கால்களில் ஒன்று விட்டுப்போனாலும் அந்தச் சிக்கலுக்குள் கண்ணில் படாது. அதற்குப் பதில், மின்சாரக் கால்களை மேலே ஒரே கொத்தாகவும் கிரவுண்டைக் கீழேயும் நினைவகத்துக்குரிய ஆறையும் ஒரு பக்கம் வரிசையாகவும் பொதுக் கால்கள் 30-ஐ எதிர்ப்பக்கமும் வைத்தால், வரைபடத்தைப் பார்த்த கணத்தில் எது விடுபட்டது என்று தெரியும். பலகை வடிவமைக்க உதவும் கீகேட் மென்பொருளின் நூலக விதிகளும் இதையே கேட்கின்றன: உள்ளே வருவது இடப்பக்கம், வெளியே போவது வலப்பக்கம், மின்சாரம் மேலே, கிரவுண்ட் கீழே. எந்தக் காலை எந்தக் கொத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்ய ஒவ்வொரு காலும் என்ன செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் அது நகலெடுக்கும் வேலையாக எப்படி இருக்கும்?

பழுதுபார்ப்பவர்களின் தரப்பில் இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மல்டிமீட்டரின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு பலகை முன் உட்கார்ந்திருப்பவருக்கு, சிப்பின் உருவத்திலேயே வரைந்த குறியீடுதான் வசதி. ஏழாவது கால் எங்கே என்று தேடவேண்டாம். எட்டுக் கால் 555 டைமருக்கு இந்த வாதத்தை முழுமனதோடு ஏற்கலாம். எட்டையும் எப்படி வைத்தாலும் சிக்காது. ஐம்பதைத் தாண்டினால் ஏற்க முடியாது. கால் எங்கே இருக்கிறது என்பதைப் பலகையே காட்டுகிறது. அது எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்ல ஸ்கீமாட்டிக்கை விட்டால் வேறு தாள் இல்லை. பலகை ஏற்கெனவே காட்டுவதை இன்னொரு முறை காட்டுவதற்காக, அதனால் காட்டவே முடியாத ஒன்றை இழப்பது நல்ல வியாபாரம் அல்ல.

சிக்கல் உண்மையில் முற்றுவது, கால்களின் எண்ணிக்கையும் முனைகளின் எண்ணிக்கையும் வேறுபடும் இடத்தில். மின்சக்தியைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டருக்கு முனைகள் மூன்றுதான்: சோர்ஸ், கேட், டிரெய்ன். அது எட்டுக் கால் உறையில், அதாவது பேக்கேஜில், வரும்போது வழக்கமாக 1, 2, 3 சோர்ஸ், 4 கேட், 5 முதல் 8 வரை டிரெய்ன். நிறைய மின்னோட்டம் தாங்கவும் சூடு இறங்கவும் இத்தனை கால்கள். இதை எப்படி வரைவது? குறியீட்டில் மூன்று கோடு மட்டும் வரைந்து, ஃபுட்பிரின்டில் மூன்று பேடுக்கு ஒரே எண்ணும் நான்கு பேடுக்கு ஒரே எண்ணும் கொடுக்கலாம்; சுலபம், ஆனால் அந்த ஃபுட்பிரின்ட் இனி வேறு எந்த எட்டுக் கால் சிப்புக்கும் உதவாது. பேடுகளுக்கு இயல்பான எட்டு எண்களையே விட்டு, குறியீட்டில் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்; ஃபுட்பிரின்ட் பிழைக்கும், ஆனால் அடுக்கின் அடியில் இருப்பது படிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. எட்டையும் தனித்தனியே காட்டினால் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், ஒளிவுமறைவு இருக்காது. என் ஓட்டு மூன்றாவதற்கு. அந்தக் காலத்து லாஜிக் சிப் குறியீடுகளில் மின்சாரக் கால்களை மறைத்துவைத்து, ஒரே பெயருள்ள கம்பியோடு தானாகவே இணையும்படி செய்திருந்தார்கள். காகிதம் சுத்தமாக இருந்தது. பலகையில் மின்சாரத்துக்கு நீங்கள் வேறு பெயர் வைத்திருந்தால் சிப் பட்டினி கிடந்தது. ஈகிள் மென்பொருளில் குறியீட்டுக் கோட்டையும் பேடையும் இணைப்பது தனியான ஒரு படியாக இருந்தது; ஒவ்வொரு ஜோடியையும் தொட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது. அலுப்பான வேலைதான், ஆனால் அந்த அலுப்பில் ஒரு பாதுகாப்பு இருந்தது. கீகேடில் எண் பொருந்தினால் போதும், இணைப்பு சத்தமில்லாமல் நடந்துவிடும்.

முனையும் காலும் குழம்புவதற்கு இன்னும் எளிய உதாரணம், மூன்று கால் வோல்டேஜ் ரெகுலேட்டர். 7805-ஐத் தொடாத எலக்ட்ரானிக்ஸ் மாணவர் அபூர்வம். அதன் முதுகில் இருக்கும் உலோகத் தகடு நடுக்காலோடு சேர்ந்தது, நடுக்கால் கிரவுண்ட். ஆகவே தகட்டைத் தயங்காமல் கிரவுண்டோடு சேர்க்கலாம். அதே வேலையைச் செய்யும் 1117 வகையில், பலகை மேல் படிந்து உட்காரும் உறையில், தகடு சேர்ந்திருப்பதும் நடுக்காலோடுதான். ஆனால் அங்கே நடுக்கால் வெளியீடு. பழக்கத்தால் தகட்டைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டால் வெளியீடு நேராக ஷார்ட் ஆகும். மூன்றே கால் உள்ள உறுப்பில் இந்தக் கதை.

ஃபுட்பிரின்டில் குழப்பம் வேறு மாதிரி. அங்கே பகை அர்த்தத்தோடு அல்ல, அளவோடு. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மில் என்று பெயர். அரை மில்லிமீட்டர் இடைவெளியுள்ள நூறு கால் சிப்பை, ஏறத்தாழ 20 மில் என்று வைத்து வரைபவர் ஒவ்வொரு இடைவெளியிலும் 0.008 மில்லிமீட்டர் கூட்டுகிறார். ஒரு பக்கத்தில் 25 கால், 24 இடைவெளி. ஒரு முனையிலிருந்து தொடங்கினால் மறுமுனையில் 0.19 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். அந்தக் காலின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். சோவியத் நாட்டில் 2.54 மில்லிமீட்டருக்குப் பதில் 2.5 என்று மெட்ரிக்குக்கு மாற்றிச் சிப் செய்தார்கள். நாற்பது கால் சிப்பில் இந்த 0.04 வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து 0.76 மில்லிமீட்டர் ஆகிவிடும். அடியில் உருண்டைகளாகக் கால்கள் கொண்ட பிஜிஏ உறைகளில் வரிசைகளுக்கு எண்ணில்லை, ஆங்கில எழுத்து. அதிலும் குழப்பம் தரக்கூடிய ஐ, ஓ போன்ற ஆறு எழுத்துகளை விட்டுவிடுவார்கள். எச் வரிசைக்கு அடுத்தது ஜே. இது தெரியாமல் அகரவரிசைப்படி நிரப்பினால் ஒன்பதாவது வரிசையிலிருந்து எல்லாம் ஒரு படி இடறும். போதாததற்கு, டேட்டாஷீட்டின் படம் மேலிருந்து பார்த்ததா, கீழிருந்து பார்த்ததா என்பது சில சமயம் ஓரத்தில் பொடி எழுத்தில்தான் இருக்கும். கவனிக்காவிட்டால் ஃபுட்பிரின்ட் கண்ணாடிப் பிம்பமாகிவிடும்.

சிப்பின் அடிவயிற்றில் இருக்கும் நடுத்தகட்டுக்குத் திரும்பி வருவோம். அதற்குரிய பேடை முழுச் சதுரமாக வரைந்து, சால்டர் பேஸ்ட் பூசும் ஸ்டென்சிலிலும் முழுச் சதுரமாகத் திறந்துவிட்டால் பேஸ்ட் அளவுக்கு அதிகமாக விழும். சூட்டில் உருகும்போது சிப் அதன் மேல் மிதக்கும். ஓரக் கால்கள் சில தரையைத் தொடாமலே நின்றுவிடும். அதனால் பேடைச் சதுரமாக விட்டு, ஸ்டென்சிலை மட்டும் ஜன்னல் கட்டங்களாகப் பிரிப்பார்கள். பரப்பில் பாதிக்குக் குறையாமல், எண்பது சதவீதத்துக்கு மிகாமல் என்பது பொதுவான வழக்கம். சூடு இறங்குவதற்காகத் தகட்டின் கீழ் துளைகள் வேண்டும். துளை பெரிதாக இருந்தால் உருகிய சால்டரை அதுவே குடித்துவிடும். ஒரு பேடுக்குள் இத்தனை முடிவுகள். 2005-இல் வந்த ஐபிசி-7351 என்ற தரவிதி, ஓரப் பேடுகள் காலின் முன்னும் பின்னும் பக்கத்திலும் எவ்வளவு நீளவேண்டும் என்பதற்கு மூன்று நிலைகள் வகுத்தது: தாராளம், நடுத்தரம், நெருக்கம். கையால் சால்டர் வைப்பவருக்குத் தாராளம் வேண்டும். கைபேசிக்குள் அடைப்பவருக்கு நெருக்கம் வேண்டும். ஆக, ஒரு சிப்புக்கு ஒரே ஒரு சரியான ஃபுட்பிரின்ட் என்று எதுவும் இல்லை. உங்கள் பலகைக்கு, உங்கள் தொழிற்சாலைக்குச் சரியானது என்றுதான் உண்டு.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் எழுகிறது. இவ்வளவு பாடு எதற்கு? எல்லாம் இணையத்தில் தயாராகக் கிடைக்கின்றனவே. கிடைக்கின்றன, நல்லவையும் கிடைக்கின்றன. 1992-இல் பிரான்ஸின் கிரெனோபிளில் பேராசிரியர் ஒருவர் தொடங்கி, பின்னாளில் செர்ன் ஆய்வகமும் கைகொடுத்து வளர்ந்த கீகேட் இலவசம். அதோடு வரும் நூலகத்தைப் பலர் சேர்ந்து சரிபார்க்கிறார்கள். ரெசிஸ்டருக்கும் கெபாசிட்டருக்கும் புதிதாக ஃபுட்பிரின்ட் வரைவது வீண்வேலை என்பேன். சிப் தயாரிப்பாளரே தரும் கோப்பும் பெரும்பாலும் நம்பத்தக்கது. ஆனால் பலகையின் இதயமாக இருக்கும் சிப்புக்கு யாரோ முகம் தெரியாதவர் ஏற்றிவைத்த கோப்பை எடுக்கும்போது, அவர் எந்த உறையைப் பார்த்து வரைந்தார், எந்தப் பதிப்பைப் பார்த்தார், கையால் சால்டர் வைக்கவா இயந்திரத்துக்கா என்பது கோப்பில் தெரியாது. ஆர்டுயினோவால் பிரபலமான ஏடிமெகா328பி சிப், 28 கால் உறையிலும் 32 கால் உறையிலும் வருகிறது. பெயர் ஒன்று, எண்வரிசை வேறு. பெயரைப் பார்த்து எடுத்தவர் எதை எடுத்தார் என்பதைக் காலை எண்ணினால்தான் சொல்ல முடியும். எடுத்ததை ஒழுங்காகச் சரிபார்க்க டேட்டாஷீட்டை வரிக்கு வரி படிக்க வேண்டும். அப்படிப் படித்தவருக்கு வரையும் வேலையில் பாதி முடிந்துவிட்டது. தயார்க் கோப்பு மிச்சப்படுத்துவது விரல்களின் வேலையைத்தான்.

இயந்திரமே டேட்டாஷீட்டைப் படித்து வரைந்துவிடாதா என்பது அடுத்த கேள்வி. இதில் இயந்திரத்தின் பக்கம் பாதி நிற்கிறேன். ஐம்பத்தாறு பெயரையும் எண்ணையும் கையால் தட்டச்சு செய்வதைவிட அட்டவணையிலிருந்து மென்பொருள் எடுத்துப் போடுவது பாதுகாப்பானது. கண் ஒரு வரி தாவுவது மனித இயல்பு. ஆனால் அட்டவணைக்கு வெளியே இருக்கும் விஷயங்கள், படத்தின் கீழ் உள்ள குறிப்பு, மேல்பார்வையா கீழ்ப்பார்வையா, தகடு எதோடு சேர்ந்தது, உள்ளீடு, வெளியீடு என்று பிரிக்காமல் எல்லாக் கால்களையும் ஒரே வகையாக அறிவித்தால் மின்விதிச் சோதனை வாயடைத்துப்போகும் என்பது, இவற்றுக்குப் பொறுப்பேற்கும் ஆள் ஒருவர் வேண்டும். இயந்திரம் எழுதட்டும், மனிதர் கையெழுத்துப் போடட்டும்.

தவறினால் என்ன, முதல் பலகைதானே, ஒரு கம்பி வைத்துச் சரிசெய்துவிடலாம் என்பவர்களும் உண்டு. காலைக் கண்ணால் பார்க்க முடிந்த சிப்புகளோடு அந்தத் துணிச்சலும் பழங்கதையாகி வருகிறது. 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு கம்பியை வைப்பது கைதேர்ந்தவருக்கே சவால். அடிவயிற்றில் இருக்கும் தகட்டுக்குக் கைதேர்ந்தவராலும் முடியாது. இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஆர்பி2040 ஏற்கெனவே ஏறிய பைக்கோ பலகையை வாங்கித் தன் பலகைமேல் பொருத்திக்கொள்பவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒருசில பலகைகளே செய்பவருக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஆயிரம் செய்யவேண்டியவர் என்றைக்காவது சிப்பை நேரடியாகச் சந்தித்தே ஆகவேண்டும்.

அன்றைக்குச் செய்யவேண்டியவை செலவில்லாதவை. ஃபுட்பிரின்டை அசல் அளவில் காகிதத்தில் அச்சடித்து, சிப்பை அதன் மேல் வைத்துப் பாருங்கள். அளவுப் பிழை பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். எண்பிழை அப்படி மாட்டாது. அதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் டேட்டாஷீட்டிலிருந்து எண்ணையும் பெயரையும் உரக்கப் படிக்க, வரைந்தவர் அல்லாத இன்னொருவர் திரையில் விரல் வைத்து ஆமாம் சொல்ல. ஆர்பி2040-க்கு இதற்குப் பத்து நிமிடம் போதும். 56-இல் நிறுத்திவிடாதீர்கள்.